எல்சியின் அறைக்கு ஆறு பலகை

சீனன்குடாவில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்ரோர்கீப்பராக இருந்தவன் நான். கணக்கில் ஒரு திருகாணி குறைந்தாலும் கதவைச் சாத்திவிட்டுத் தேடுகிற ஆள். அப்படிப்பட்டவனைப் பார்த்து, ஹோலின் மூலையை மறைத்து ஓர் அறை எடுக்க எத்தனை பலகை வேண்டும் என்று உங்களுக்குப் பார்க்கத் தெரியுமோ என்று கட்டின மனைவியே கேட்டால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. அளவுநாடாவைக் கதிரையில் போட்டுவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றேன்.

"ஏன், எனக்கு என்ன தெரியாது?"

"ஒண்டும் தெரியாதெண்டு ஆர் சொன்னது," என்றாள் ஜெயரூபி, தேங்காய் துருவின கையை நிறுத்தாமல். "அபூதாஹிர் நாளைக்கு வரும்தானே. அது அளந்து சொல்லட்டுமே எண்டுதான் கேட்டனான்."

"அவன் வந்து நிக்கேக்க என்ர கையில கணக்கு இருக்கவேணும். இல்லாட்டி ஆறு காணுமெண்ட இடத்தில எட்டு எண்டு சொல்லுவான்."

"அந்தப் பிள்ளை அப்பிடிச் சொல்லாது."

"உனக்கு எல்லாரும் பிள்ளை."

அபூதாஹிர் கிண்ணியாக்காரன். வீட்டுக்குள் ஜிப்சம் போர்ட்டால் தடுப்பு அடிக்கிறதும் சீலிங் அடிக்கிறதும் அவன் தொழில். நாற்பது வயது இருக்கும், அவனைத்தான் ஜெயரூபி பிள்ளை என்கிறாள். ஆனால் உண்மையில் நான் கணக்கைக் கையில் வைத்திருக்க நினைத்தது அவனுக்காக இல்லை. என் தங்கச்சி எல்சிக்காக.

எல்சி பதுளையில் முப்பத்துமூன்று வருஷம் கணக்குப் படிப்பித்தவள். கல்யாணம் முடிக்கவில்லை. போன மாதம் அறுபது முடிந்து பென்சன் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து விடுதி அறையை இந்த மாத முடிவுக்குள் விட வேண்டும். அங்கேயுள்ள கன்னியாஸ்திரிமார் தங்கள் மடத்தோடு சேர்ந்த வீட்டில் ஒரு கட்டில் தருகிறோம், கடைசி மட்டும் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் அவள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைக் கேள்விப்பட்டதும் நான் போன் எடுத்து, வீடு இருக்கேக்க மடத்தில போய் ஏன் கிடக்கிறாய், வா, ஹோலில அறை ஒண்டு அடிச்சுத் தாறன் என்றேன்.

"சனிக்கிழமை வந்து பாக்கிறன் அண்ணா," என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, வந்து பார்க்கிறேன் என்றாள்.

அவள் வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை ஜெயரூபிக்குக்கூட நான் சொல்லவில்லை. அறுபத்துநாலு வயதில் ஓர் ஆம்பிளை, தங்கச்சி வராவிட்டால் எனக்குத் தாங்காது என்று எப்படி வாயைத் திறந்து சொல்வது? அதனால் கொப்பியை எடுத்துக்கொண்டு ஹோலை அளக்கத் தொடங்கினேன். அவள் வாசலில் கால் வைக்கும்போது எத்தனை பலகை, எத்தனை சட்டம், எத்தனை திருகாணி, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எல்லாமே எழுத்தில் இருந்தால், இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வராது என்று நினைத்தேன்.

பாலையூற்றில் அப்பா ஐம்பத்தெட்டாம் ஆண்டில் கட்டின வீடு இது. ஒரு படுக்கையறை, பெரிய ஹோல், குசினி, முன்னுக்கு விறாந்தை. எங்கள் மகன் றொஷான்கூட ஹோலில் படுத்தே வளர்ந்து கட்டாருக்குப் போனவன். ஹோலின் வடக்கு மூலையில் இரண்டு பக்கம் ஏற்கெனவே சுவர் இருக்கிறது. மற்ற இரண்டு பக்கத்துக்கும் ட எழுத்து மாதிரி ஒரு தடுப்பு அடித்தால் அறை வந்துவிடும். அளவுநாடாவின் நுனியைக் கதிரைக் காலுக்குக் கீழே மாட்டிவிட்டு இழுத்தேன். ஒரு கை பன்னிரண்டு அடி, மற்றக் கை பத்து. மொத்தம் இருபத்திரண்டு. உயரம் எட்டு அடி, பலகையும் எட்டு அடி என்பதால் மேலே வெட்டு இல்லை. இருபத்திரண்டை எட்டால் பெருக்கினால் நூற்றெழுபத்தாறு சதுர அடி. கதவுக்கு இருபத்தொன்று கழித்தால் நூற்றைம்பத்தைந்து. வெட்டிலும் உடைவிலும் போகிறதுக்குப் பத்து வீதம் சேர்த்தால் நூற்றெழுபதரை. ஒரு பலகை முப்பத்திரண்டு சதுர அடி. வகுத்தால் ஐந்தேகாலுக்குச் சற்று மேலே வரும், அப்படியென்றால் ஆறு பலகை. இரண்டு அடிக்கு ஒன்றாக மரச்சட்டம், மூலைக்கும் கதவுக்கும் தனியாக. பலகைக்கு முப்பது திருகாணி வீதம் நூற்றெண்பது, கைதவறி விழுகிறதுக்கு இருபது, ஆக இருநூறு. பொருத்து மறைக்கிற ரேப் ஒரு சுருள், பூசுகிற பட்டி ஒரு வாளி. சும்மாவா முப்பத்திரண்டு வருஷம் ஸ்ரோர் பார்த்தேன்? எழுதி முடித்ததும் ஜெயரூபிக்கு வாசித்தும் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள், கேட்டாளோ தெரியாது.

அந்த மூலையில் நின்றால் எனக்கு வேறு நினைப்பு வராது. அதுதான் முன்பு எல்சியின் அறை. அப்பா டொக்கியார்டில் வேலை. எழுபதாம் ஆண்டளவில் அங்கே பழைய சாமான்களை ஏலம் விட்டபோது ஹார்ட்போர்ட் பலகைகள் கொஞ்சம் எடுத்து வந்தார். மண்ணிறம், ஒரு பக்கம் வழுவழுப்பு, மற்றப் பக்கம் சாக்குப் போலச் சொரசொரப்பு. மேலே கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்தும் இலக்கமும் அடித்திருந்தது. மரச்சட்டம் நாட்டி, ஒற்றைப் பலகை அடித்து, பெண்பிள்ளைக்கு ஓர் அறை வேண்டும் என்று அவரே தடுத்துக் கொடுத்தார். வழுவழுப்பான பக்கம் ஹோலுக்கு, வருகிற ஆட்கள் பார்ப்பதற்கு. சொரசொரப்பும் சட்டமும் எல்சியின் பக்கம். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. குறுக்குச் சட்டங்களில் மாதா படம், ரிபன், மைப் போத்தல், பள்ளிக்கூடத்துப் பரிசு என்று அடுக்கி வைத்து, எங்கள் வகுப்பில் ஒருத்திக்கும் இவ்வளவு தட்டு இல்லை என்று பெருமையடித்தாள்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் நாங்கள் ஓடிப்போய்ப் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்கு ஓடு இல்லை, எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லை. ஆனால் அந்தச் சுவர் நின்றது. எல்சி முதல் வேலையாக அதைத்தான் கையால் தடவிப் பார்த்தாள். அடுத்த வருஷம் பதுளைக்கு வேலை கிடைத்துப் போனாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அது சீதனம், அதில் ஆம்பிளைப் பிள்ளை வாய் வைக்கிறதில்லை. அப்பா போன பிறகு அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தா. ஆனால் எல்சிக்கு வந்த சம்பந்தம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப் போனது. எனக்கு ஜெயரூபி வீட்டில் பேச்சு முற்றானபோது, எல்சி பதுளையிலிருந்து கடிதம் எழுதினாள். அண்ணா, வீட்டை நீங்கள் எடுங்கோ, எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, என் அறையை மட்டும் அப்படியே விடுங்கோ, லீவுக்கு வந்தால் எனக்கு அது போதும். இவ்வளவுதான் கடிதம். நானும் ஓம் என்று பதில் போட்டேன். அந்தச் சுவரைக் கறையான் தின்றுவிட்டது என்று பிறகு ஒரு கடிதம் எழுதினேன். கல்யாணத்துக்கு வந்தபோது அவள் வெறும் மூலையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு வந்தால் இரண்டு நாள் அம்மாவோடு படுப்பாள். அம்மாவும் போன பிறகு, காலையில் வந்து பின்னேர பஸ்ஸில் போய்விடுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் நான் காத்து நின்ற பஸ் ஸ்ராண்டில் ஒரு பையோடு வந்து இறங்கினாள். விடிய வெளிக்கிட்டவள். "தம்பலகாமத்தடியில ஆனை ரோட்டுக்கு வந்திட்டுது. அரை மணித்தியாலம் நிப்பாட்டிப் போட்டாங்கள்," என்றாள் ஓட்டோவில் ஏறும்போதே. தலை முழுக்க நரைத்திருந்தது. சீலை மட்டும் முன்பு போலவே மடிப்புக் குலையாமல் கட்டியிருந்தாள். ஜெயரூபி பாரை மீன் குழம்பும் முருங்கைக்கீரை வறையும் வைத்திருந்தாள். சாப்பிடுகிற நேரம் முழுக்க என் கண் கொப்பியில்தான். கை கழுவினதும் எடுத்து நீட்டினேன். எல்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். வயதில் நான் மூத்தவன், ஆனாலும் பரீட்சைத் தாள் கொடுத்துவிட்டு நிற்கிறவன் போலத்தான் நின்றேன்.

"பெருக்கல் பிரித்தலெல்லாம் சரி," என்று சொல்லிவிட்டு எதையோ யோசித்தாள். பிறகு உதட்டுக்குள் சிரித்துக்கொண்டு கொப்பியை மூடினாள். என்ன சிரிப்பு என்று நான் கேட்க முதல் வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

அபூதாஹிர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எல்சிக்கு வணக்கம் சொல்லி, ஜெயரூபி கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்தான். நான் கணக்கைக் கொடுத்தேன். அவன் ஒரு தரம் கொப்பியைப் பார்த்தான், ஒரு தரம் மூலையைப் பார்த்தான்.

"வடிவா எழுதியிருக்கீங்க அண்ணன். என்ர பொடியனுகளுக்கும் இப்பிடி எழுதத் தெரியாது."

நான் ஜெயரூபியைப் பார்த்தேன். கேட்டாயோ என்கிற பார்வை.

"சரி, இது ஹோல் பக்கம். மற்றப் பக்கம் எங்க?" என்றான்.

"எந்த மற்றப் பக்கம்?"

"சுவருக்கு ரெண்டு முகம் இரிக்கே அண்ணன். ஹோலுக்கு ஒண்டு, அறைக்கு ஒண்டு. நீங்க ஒரு முகத்துக்குத்தான் பலகை எழுதியிருக்கீங்க. அப்ப டீச்சர் உள்ளுக்குச் சட்டத்தைப் பாத்துக்கிட்டா படுக்கிற?"

எனக்கு முகம் சுட்டுப்போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷம். ஒரு திருகாணி குறைந்ததில்லை. இப்போது பாதிச் சுவரைக் காணவில்லை. ஜெயரூபி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். ஒரு முகம் போதும், பக்கத்து வீடுகளில் எல்லாம் அப்படித்தான் என்று ஏதோ விசர்க்கதை கதைக்க வாயெடுத்தேன். எல்சி முந்திக்கொண்டாள்.

"அண்ணா பிழையா அளக்கேல்லை தம்பி. அவர் எங்கட அப்பாவின்ர சுவரை அளந்திருக்கிறார். அதுக்கு ஒரு பக்கம் ஹார்ட்போர்ட் பலகைதான். சட்டமும் மரச்சட்டம் எண்டுதானே எழுதியிருக்கிறார், பாத்தனீங்களோ? நான் வாசிக்கேக்கயே கண்டிட்டன்."

அதுதான் அந்தச் சிரிப்பு. எனக்கே அப்போதுதான் விளங்கியது. அளக்கிற நேரம் என் மனதில் இருந்த சுவர் வேறு எது?

"உங்களுக்கு ஞாபகம் இருக்கோ அண்ணா, எனக்குக் கொப்பளிப்பான் வந்தது?"

"இல்லாமலோ," என்றேன்.

ஞாபகம் இல்லாமல் போகிற காரியமா அது? அவளுக்குப் பத்துப் பதினொரு வயது. அம்மா வேப்பிலை கட்டி அறைக்குள் விட்டுவிட்டா, நான் உள்ளே போகக்கூடாது. பின்னேரங்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஹோல் பக்கம் நிலத்தில் இருந்து சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்வேன். அவள் உள்பக்கம் அதே இடத்தில் சாய்ந்துகொள்வாள். ஒற்றைப் பலகை, மெல்லிசு. அவள் சாய்ந்தால் என் முதுகைத் தள்ளும். வகுப்பில் நடந்ததை எல்லாம் நான் சொல்லுவேன். சிங்காரம் மாஸ்டர் கதிரை உடைந்து விழுந்ததை, உபதேசியாரின் குடையை ஆடு தின்றதை. பாதி என் சொந்தச் சரக்கு. அவள் சிரிப்பது காதில் விழ முதல் முதுகில் தெரியும். பலகை குலுங்கும். அதற்காகவே நான் இன்னும் கூட்டிச் சொல்லுவேன். சொறியக்கூடாது என்று அம்மா அவள் கையில் துணி சுற்றியிருந்தா, சிரிப்பை அடக்க ஏலாமல் அந்தத் துணிக் கையால் பலகையில் அடிப்பாள். என் வாழ்க்கையில் நான் நல்லாய் இருந்த நாட்கள் எவை என்று ஆரும் கேட்டால் அந்தப் பத்து நாளைத்தான் சொல்லுவேன்.

"சிங்காரம் மாஸ்டர் உண்மையா விழுந்தவரோ?" என்றாள் எல்சி இப்போது.

"விழுந்தவர். ஆட்டுக் கதைதான் பொய்."

"ஆட்டுக்குத்தான் நான் கூடச் சிரிச்சனான்," என்று சொல்லி அவள் சிரித்தாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்த ஹோலில் அவள் இப்படிச் சிரிக்கிறாள். வந்துவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை பிறந்தது. திங்கட்கிழமை அந்தக் கன்னியாஸ்திரிமாருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், நத்தாருக்கு இந்த வீட்டில் மூன்று பேர் இருப்போம் என்று மனம் கட்டிக்கொண்டே போனது.

அபூதாஹிர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். "அப்ப ரெண்டு முகத்துக்கும் பதினொரு பலகை. ஒண்டு உடையலாம், பன்னிரண்டா எடுப்பம். அண்ணன் மரச்சட்டம் எழுதியிருக்கீங்க, வீட்டில மரம் கிடக்குதா?"

"பின்னுக்கு நல்ல சட்டங்கள் கிடக்குது," என்றேன்.

"மரம் போடலாம், பிரச்சினை இல்ல. ஆனா ஒண்டு கேக்கணும். ரெண்டு பலகைக்கும் நடுவில சட்டம் மறைஞ்சிடும், உள்ளுக்கு என்ன நடந்தாலும் வெளியில தெரியாது. இந்த வீட்டில கறையான் இரிக்கா?"

"இல்லை," என்றேன் நான்.

"ஓம்," என்றாள் எல்சி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

அபூதாஹிர் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எல்சிதான் விளங்கப்படுத்தினாள். "அண்ணாவுக்கு மறந்துபோச்சு. அப்பாவின்ர சுவரையே கறையான்தான் திண்டது. முப்பத்தொரு வருஷத்துக்கு முதல். அண்ணா எனக்கு எழுதினவர்."

"அப்ப கவனமாப் பாக்கணும்," என்று அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்தான். அவன் படுக்கையறைக் கதவு நிலையைக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு போனான். யன்னல் சட்டத்தில் குத்திப் பார்த்தான். கதிரையில் ஏறி, கூரைக்கட்டையின் சுவரோரத்து நுனியை விரலால் தடவினான். வேலையில் சுத்தமான ஆள். அந்த நேரத்தில் அவனுடைய சுத்தத்தை நான் மனதுக்குள் ஏசாத ஏச்சில்லை.

"இந்த மரமெல்லாம் எப்ப போட்ட?"

"ஐம்பத்தெட்டில," என்றாள் எல்சி.

"பிறகு மாத்தலையா?"

"வாசல் கதவுகள் மட்டும் தொண்ணூறுக்குப் பிறகு மாத்தினது. நிலை, யன்னல், கூரையெல்லாம் அப்பா போட்டதுதான்."

அபூதாஹிர் கதிரையிலிருந்து இறங்கினான். "நான் பொய் சொல்லக்கூடாது டீச்சர், இதில ஒரு பூச்சி பட்ட அடையாளமும் இல்ல. கறையான் எண்டா மண்கோடு விட்டுட்டுத்தான் போகும். ஹார்ட்போர்டைத் திண்டுட்டு, ஒரு சாண் தள்ளியிரிக்கிற யன்னலைத் தொடாமப் போற கறையானை நான் பார்த்ததில்ல."

அவன் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை. தொழில்காரன், கண்டதைச் சொன்னான். ஆனால் எல்சி மெல்லமாய்க் கண்ணாடியைக் கழற்றினாள். யன்னலைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

மருந்து அடித்தோம், அதுதான் பரவவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் அபூதாஹிர் நம்புவான், பன்னிரண்டு பலகை எழுதுவான், சுவர் நிற்கும், எல்சி வருவாள். சொல்லாவிட்டால் இன்றைக்கே பின்னேர பஸ்ஸில் ஏறி, திங்கட்கிழமை அந்தக் கட்டிலுக்கு ஓம் என்று சொல்லிவிடுவாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இப்போதுதான் அந்த ஆட்டுக் கதைக்குச் சிரித்த முகம் எனக்கு முன்னால் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் ஏலாமல் போனது.

"கறையான் வரேல்லை எல்சி. நான்தான் உடைச்சனான்," என்றேன்.

தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. ஜெயரூபி வீட்டிலிருந்து செற்றியும் ஷோகேசும் வருகிறது என்று ஆள் வந்து சொன்னது. கூட்டாளிமார் வந்து பார்த்து, ஹோலுக்குள்ள கோழிக்கூடு மாதிரி இது என்னடா என்று சிரித்தார்கள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, இரவல் வாங்கின சுத்தியலால் அடித்தேன். முதல் அடிக்குப் பலகை குலுங்கித் திருப்பித் தள்ளியது. இரண்டாம் அடிக்குப் பிளந்தது. முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, எல்சிக்கு நீயே எழுது என்று மட்டும் சொன்னா. அன்றைக்குப் பின்னேரமே கறையான் என்று எழுதினேன். பலகையெல்லாம் கோழிக்கூட்டுக்குத்தான் போனது.

ஜெயரூபி குசினி வாசலில் நின்றாள். "என்ர ஷோகேசுக்காகவோ?" என்றாள். அவளுக்கும் இது தெரியாது. அவளுக்கும் கறையான் என்றுதான் சொல்லியிருந்தேன்.

எல்சி கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். அது துடைக்கத் தேவையில்லாத கண்ணாடி.

"முப்பத்தொரு வருஷமா நான் கறையானை ஏசிக்கொண்டிருந்தனான் அண்ணா," என்றாள். "பதுளையில விடுதிச் சுவரில ஒரு கோடு கண்டாலும் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு ஓடுவன். பிள்ளையள் பகிடி பண்ணுவாளவை. நீங்கள் கேட்டிருந்தால் நானே உடையுங்கோ எண்டு சொல்லியிருப்பன். கேட்டிருக்கலாம்தானே."

தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

அபூதாஹிர் தன் சாமான்களைப் பைக்குள் போட்டு, மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தான். "நான் பிறகு வாறன் அண்ணன்," என்றான்.

"இருங்கோ தம்பி," என்றாள் எல்சி. "உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் அடிக்கிற இந்தச் சுவரை உடைக்கிறதெண்டால் எவ்வளவு நேரம் போகும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"உடைக்கிறதா? உடைக்கிற எண்டா சுத்தியலும் தேவையில்ல டீச்சர். காலால உதைச்சாலும் போகும். ஒரு ஆள் அரை மணித்தியாலம்."

"அப்ப இது வேண்டாம்," என்றாள் எல்சி. "சீமெந்துக் கல்லில கட்டுவம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "கல்லெண்டால் ஒரு மாசம் எடுக்குமே எல்சி," என்று ஏதோ உளறினேன். "சீமெந்து, மண், தூசி..."

"எடுக்கட்டும். சிஸ்டரிட்ட ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டில் கேக்கிறன்."

"அப்ப நீ வாறியோ?"

"அறை இருந்தால் ஏன் வராமல் விடுறன்?" என்றாள். வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிதானமாய்த்தான் சொன்னாள். "அறை இருந்திருந்தால் ஒவ்வொரு லீவுக்கும் வந்திருப்பன் அண்ணா. அம்மா படுக்கையில கிடந்த ரெண்டு வருஷமும் வந்து நிண்டிருப்பன். எனக்கு இஞ்ச படுக்க ஒரு இடம் இருக்கேல்லை."

நான் அழுதேன். அபூதாஹிர் பார்க்கிறான், பெண்சாதி பார்க்கிறாள் என்று ஒன்றும் தோன்றவில்லை. எல்சி என்னைத் தேற்றவில்லை. அதற்கு நான் அவளைக் குறை சொல்லவும் முடியாது. அழுது முடியுமட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றை விரித்து என் முன்னால் தள்ளினாள்.

"எழுதுங்கோ. நூற்றைம்பத்தைந்து சதுர அடி. பதினாறுக்கு எட்டு அங்குலக் கல்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருக்கி, வகுத்து, நூற்றெழுபத்தைந்து என்று எழுதினேன். அவள் பேனையை வாங்கி அதை வெட்டிவிட்டு, பக்கத்தில், உடைகிறதுக்கும் சேர்த்து, இருநூறு என்று எழுதினாள்.